காப்புறுதிப் புதுப்பிப்புக் கடிதத்தை மழைக்கு முன் படிப்பது எப்படி

புதுப்பிப்புக் கடிதம் வந்ததும் எல்லாரும் தேடுவது ஒரே ஓர் எண்ணைத்தான். போன வருடத்தைவிடச் சந்தா எவ்வளவு ஏறியிருக்கிறது? ஐம்பது வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) ஏறியிருந்தால் முகவரைக் கூப்பிட்டு ஒரு சண்டை. ஏறவில்லை என்றால் பணத்தைக் கட்டிவிட்டுக் கடிதத்தை இழுப்பறையில் போட்டுவிடுவோம். அந்த இழுப்பறையைத் திரும்பத் திறக்கிற நாளில்தான் எனக்கு வேலை வரும். நான் சிங்கப்பூரில் இழப்பு மதிப்பீட்டாளர். தண்ணீர் புகுந்த கடை, கிடங்கு, வீடு ஆகியவற்றுக்கு நேரில் போய், சேதம் எவ்வளவு, பாலிசிப்படி எவ்வளவு கிடைக்கும் என்று அறிக்கை எழுதுகிறவள். எனக்குக் கட்டணம் தருவது காப்புறுதி நிறுவனம் என்பதால் கடைக்காரர்கள் முதலில் முறைப்பார்கள். தேநீர் வந்த பிறகு கொஞ்சம் இளகும்.

என் அனுபவத்தில், சந்தா ஏறாத கடிதத்தைத்தான் அதிகக் கவனமாகப் படிக்க வேண்டும். விலை அப்படியே இருக்கிறது என்றால், வேறு எங்கோ ஒரு வரி மாறியிருக்க வாய்ப்புண்டு. வெள்ளத்துக்கு நீங்கள் கைக்காசு போட வேண்டிய தொகை கூடியிருக்கும். அல்லது வெள்ளச் சேதத்துக்கு மட்டும் தனி உச்சவரம்பு வந்திருக்கும். பருவநிலை மாற்றம் நம் பாலிசிக்குள் நுழைவது பெரும்பாலும் இந்த வழியாகத்தான்.

எங்கோ பெய்த மழைக்கு இங்கே ஏன் விலை

இதைக் கொஞ்சம் விளக்கியாக வேண்டும். இல்லாவிட்டால் கடிதத்தில் உள்ள மாற்றங்கள் எல்லாம் முகவர் செய்த குறும்பு என்று தோன்றும்.

உங்கள் காப்புறுதி நிறுவனமும் தனக்கு ஒரு காப்புறுதி வாங்கி வைத்திருக்கிறது. மறுகாப்புறுதி என்பார்கள். மியூனிக் ரீ, சுவிஸ் ரீ போன்ற பெரிய நிறுவனங்கள் உலகம் முழுக்க ஆபத்தை வாங்கிக் கலந்து வைத்திருப்பவை. இவர்களுக்கு இந்த விஷயம் புதிதும் அல்ல. மியூனிக் ரீ 1973லேயே வெள்ளமும் வெப்பநிலை உயர்வும் பற்றி எழுதிவிட்டது. 1992ல் ஆண்ட்ரூ சூறாவளி ஃபுளோரிடாவை அடித்தபோது பல காப்புறுதி நிறுவனங்கள் திவாலாயின. 2011ல் தாய்லாந்து வெள்ளத்தில் அயுத்தயா பக்கத்துத் தொழிற்பேட்டைகள் மூழ்கின. கார் தொழிற்சாலை, ஹார்ட் டிஸ்க் தொழிற்சாலை எல்லாம் தண்ணீருக்குள். காப்புறுதித் துறைக்கு மட்டும் 1,500 கோடி அமெரிக்க டாலருக்குக் குறையாத செலவு. அங்கே அப்படி ஒரு வெள்ளம் வரும் என்று அதுவரை யாரும் சரியாகக் கணக்குப் போட்டிருக்கவில்லை. அடுத்த ஆண்டே தாய்லாந்து அரசாங்கம் பேரிடர்க் காப்புறுதிக்கென ஒரு நிதியையே தொடங்க வேண்டியதாயிற்று. 2024ல் உலக அளவில் இயற்கைப் பேரிடர்களுக்குக் காப்புறுதி நிறுவனங்கள் ஏற்ற இழப்பு 13,700 கோடி அமெரிக்க டாலர் என்பது சுவிஸ் ரீயின் கணக்கு.

மறுகாப்புறுதி ஒப்பந்தங்களில் பல ஜனவரி 1 அன்று புதுப்பிக்கப்படும். அங்கே விலையும் நிபந்தனையும் இறுகினால், அடுத்த சில மாதங்களில் அது உங்கள் கடைக் கடிதத்தில் ஒரு வரியாக வந்து உட்காரும்.

இன்னொன்று. வீட்டுக் கடன் இருபத்தைந்து வருடம். கடை வாடகை ஒப்பந்தம் இரண்டு மூன்று வருடம். பொதுக் காப்புறுதி பாலிசியோ பெரும்பாலும் ஒரே ஒரு வருடம். நிறுவனம் ஒவ்வொரு வருடமும் புதிதாக யோசிக்கலாம். 2023 மே மாதம் கலிஃபோர்னியாவில் ஸ்டேட் ஃபார்ம் நிறுவனம் புதிய வீட்டுக் காப்புறுதி விண்ணப்பங்களை ஏற்பதையே நிறுத்தியது. இங்கே நிலைமை அப்படியில்லை, பயப்பட வேண்டாம். ஆனால் சிங்கப்பூர் நாணய ஆணையம் 2020 டிசம்பரில் காப்புறுதி நிறுவனங்களுக்குச் சுற்றுச்சூழல் ஆபத்தைக் கையாளும் வழிகாட்டியை வெளியிட்டது. அதனால், விண்ணப்பப் படிவத்தில் 'கடை தரைத்தளத்திலா, நிலவறையிலா?', 'கடந்த வருடங்களில் தண்ணீர் புகுந்ததா?' என்று புதிதாகக் கேள்வி வந்தால் ஆச்சரியப்படாதீர்கள். உண்மையை எழுதுங்கள். தெரிந்ததை மறைத்தால் பாலிசியே செல்லாமல் போகலாம்.

நம் ஊர் நிலவரமும் சாதாரணமில்லை. தீவின் சுமார் 30 விழுக்காடு நிலம் கடல் மட்டத்திலிருந்து 5 மீட்டருக்குள்தான் இருக்கிறது. 2024 ஜனவரியில் வந்த மூன்றாவது தேசிய பருவநிலை ஆய்வின்படி, 2100க்குள் கடல்மட்டம் 1.15 மீட்டர் வரை உயரலாம். அது பேரப்பிள்ளைகள் காலம் என்று விட்டாலும், திடீர் வெள்ளம் இப்போதே நடக்கிறது. 2010, 2011ல் ஆர்ச்சர்ட் சாலை. 2021 ஆகஸ்டில் தெம்பனிஸ் அவென்யூ 10, பாசிர் ரிஸ் டிரைவ் 12 சந்திப்பில் கார்கள் தண்ணீரில் நின்றன. 2025 ஜனவரியில் இரண்டே நாளில் சாங்கியில் பெய்த மழை, அந்த மாதம் முழுவதும் பெய்கிற சராசரியைத் தாண்டியது. கால்வாய்களைக் கட்டிக்கொண்டேதான் இருக்கிறார்கள். வேலை நடக்கவில்லை என்று சொல்ல மாட்டேன். கனமழையும் கடலேற்றமும் ஒரே நேரத்தில் வந்தால் தண்ணீர் வடிய இடம் கிடைப்பதில்லை, அவ்வளவுதான்.

கழக வீட்டுக்காரர்கள்

இந்தப் பகுதி சின்னது. வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் (வீவக) வீட்டில் கழகக் கடன் இருந்தால் தீக் காப்புறுதி கட்டாயம். ஐந்து வருடத்துக்குப் பத்து வெள்ளிகூட ஆகாது. அந்த விலையிலிருந்தே புரிந்துகொள்ளலாம், அது எவ்வளவு செய்யும் என்று. கழகம் கட்டிக் கொடுத்த சுவர், தரை, கதவு போன்றவற்றைச் சீராக்கத்தான் அது. நீங்கள் நாற்பதாயிரம் வெள்ளி போட்டுச் செய்த அலமாரி, பூஜை அறை, சோபா, டிவி எதுவும் அதில் இல்லை. அதற்கு வீட்டுப் பொருள் காப்புறுதி தனியாக வாங்க வேண்டும்.

பன்னிரண்டாம் மாடியில் இருப்பவர் வெள்ளத்தைப் பற்றி யோசிக்கத் தேவையில்லை. ஆனால் சாய்ந்து அடிக்கும் மழை, மேல்வீட்டுக் கசிவு, தரைவடிகாலில் எதிர்த்து வரும் தண்ணீர் இவை எல்லா மாடிக்கும் உண்டு. முகவரிடம் மூன்று கேள்வி கேளுங்கள். திறந்திருந்த சன்னல் வழியாக வந்த மழைக்கு உண்டா? (பெரும்பாலும் இல்லை.) குழாய் உடைந்தால் உண்டா? (பெரும்பாலும் உண்டு.) மாதக்கணக்கில் மெல்லக் கசிந்து பூஞ்சை பிடித்த சுவருக்கு? (கிட்டத்தட்ட எங்கேயும் இல்லை.) பதிலை மின்னஞ்சலில் வாங்குங்கள். வாய்ப்பேச்சில் வந்த பதிலை என்னால் அறிக்கையில் சேர்க்க முடியாது.

கடைக்காரர்கள் இங்கே நின்று படிக்கவும்

அதிகப் பணம் நஷ்டமாவது கடைகளில்தான். அதுவும் கடைவீடுகளின் தரைத்தளத்தில், பின்பக்கக் கிடங்கில்.

பாலிசியை எடுத்து, 'வெள்ளம்' என்ற சொல் எங்கெங்கே வருகிறது என்று முதலில் தேடுங்கள். சாதாரணத் தீக் காப்புறுதியில் வெள்ளம் தானாக வராது. கூடுதலாகச் சேர்க்க வேண்டும். சேர்த்திருந்தால் அதற்குப் பக்கத்தில் எக்செஸ் எழுதியிருக்கும், அதாவது முதலில் உங்கள் கையிலிருந்து போகும் தொகை. 'இழப்பில் 10 விழுக்காடு அல்லது 5,000 வெள்ளி, எது அதிகமோ அது' என்கிற மாதிரி இருக்கும். தீ விபத்துக்கு 500 வெள்ளி என்று இருக்கிற அதே பாலிசியில் வெள்ளத்துக்கு 5,000 இருக்கலாம். சின்னக் கடையில் கணுக்கால் அளவு தண்ணீர் வந்தால் சேதமே நாலாயிரம்தான் ஆகும். அப்போது வெள்ளக் காப்புறுதி இருந்தும் பைசா வராது. அந்த எக்செஸைக் குறைக்க எவ்வளவு கூடுதல் சந்தா என்று கேட்டுப் பாருங்கள். சில சமயம் கட்டுப்படியாகிற விலைதான் சொல்வார்கள்.

அடுத்து, எக்செஸ் எத்தனை தடவை பிடிப்பார்கள் என்று பாருங்கள். 72 மணி நேரத்துக்குள் வந்த வெள்ளம் எல்லாம் ஒரே சம்பவம் என்று பல பாலிசிகளில் ஒரு வாசகம் இருக்கும். மூன்று நாள் தொடர்ந்து மழை பெய்து இரண்டு முறை தண்ணீர் புகுந்தால், அந்த வாசகம் இருந்தால் ஒரு எக்செஸ், இல்லாவிட்டால் இரண்டாகலாம்.

இப்போது தரைக்கு வருவோம். சரக்கு தரையிலிருந்து குறைந்தது 10 அல்லது 15 சென்டிமீட்டர் உயரத்தில் இருக்க வேண்டும் என்று நிபந்தனை போடும் பாலிசிகள் உண்டு. நான் பார்த்த ஒரு மளிகைக் கிடங்கில் தண்ணீர் வந்தது வெறும் நாலு விரல் உயரம். சுவரில் பழுப்பு நிறத்தில் ஒரு கோடு, அளவுகோல் வைத்துப் போட்ட மாதிரி நேராக. மரப் பலகைமேல் அடுக்கியிருந்த அரிசி மூட்டைகள் தப்பித்துவிட்டன. இடம் போதவில்லை என்று நடைபாதையில் நேராகத் தரையிலேயே வைத்திருந்த துவரம் பருப்பு மூட்டைகள் அடியில் ஊதிப்போய், தையல் பிரிந்து, புளித்த நாற்றம். ஈரமானியைக் குத்தினால் கீழிருந்து மூன்றாவது வரிசை வரை ஈரம் ஏறியிருக்கிறது. பெரியவர் கேட்டார், "ஏம்மா, மழை பெஞ்சதுக்கு நானா பொறுப்பு?" மழைக்கு அவர் பொறுப்பில்லைதான். ஆனால் பலகைமேல் வைக்காத சரக்குக்கு இழப்பீடு இல்லை என்று அவர் பாலிசி சொன்னது. ஒரு மரப் பலகையின் விலையை யோசித்தால் வயிறு எரியும்.

அப்புறம், சரக்கின் மதிப்பு. நம் ஆட்களிடம் நான் அதிகம் பார்ப்பது குறைமதிப்புதான். பாலிசி புதுப்பிப்பது மே மாதமென்றால், மே மாதச் சரக்கை வைத்து 1,20,000 வெள்ளி என்று எழுதிவிடுவார்கள். ஆனால் தீபாவளிக்கு முன் கடையில் 2,00,000 வெள்ளிச் சரக்கு இருக்கும். அக்டோபர், நவம்பரில் மாலை நேரத்து இடிமழை. அடுத்து வடகிழக்குப் பருவத்தின் கனமழை, ஜனவரி வரை. பொங்கல் சரக்கும் அதற்குள் வந்துவிடும். ஆக, சரக்கு அதிகம் இருக்கும் மாதங்களும் தண்ணீர் வரும் மாதங்களும் ஒன்றேதான்.

இதில் என்ன நடக்கும் என்று கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். 2,00,000 வெள்ளிச் சரக்குக்கு 1,20,000க்குத்தான் காப்புறுதி. அதாவது 60 விழுக்காடு. வெள்ளத்தில் 50,000 வெள்ளிச் சரக்கு போனது. "காப்புறுதி 1,20,000 இருக்கே, 50,000 முழுசா வருமே" என்பார்கள். வராது. இழப்பிலும் 60 விழுக்காடுதான், 30,000. அதில் எக்செஸ் 5,000 போக, 25,000. பாதி. இதைத் தவிர்க்க இரண்டு வழி. ஆண்டின் உச்சச் சரக்கை மதிப்பாக எழுதுவது ஒன்று. பண்டிகைக் காலத்தில் காப்புத்தொகை தானாக உயரும் வாசகத்தைச் சேர்க்கச் சொல்வது இன்னொன்று, இது மலிவானது. பல கடைக்காரர்கள் அப்படி ஒன்று இருப்பதே தெரியாமல் இருக்கிறார்கள்.

வியாபாரம் நின்ற நாள்களுக்கான காப்புறுதி வைத்திருந்தால், அது எப்போது வேலை செய்யும் என்று பாருங்கள். பொதுவாக உங்கள் கடைக்குள் சேதம் ஏற்பட்டிருக்க வேண்டும். சாலையில் முழங்கால் தண்ணீர், கடைமுன் ஐந்தடிப் பாதை வரை வந்து நின்றுவிட்டது, வாடிக்கையாளர் வரவில்லை, ஒரு நாள் வியாபாரம் போச்சு என்றால் அதற்கு ஒன்றும் கிடைக்காது. வழி அடைபட்டதற்கான நீட்டிப்பு, அதாவது கூடுதல் காப்பு, வாங்கியிருந்தால் மட்டும் உண்டு.

உங்கள் தெரு, தண்ணீரையும் வடிகாலையும் பார்த்துக்கொள்ளும் பொதுப் பயனீட்டுக் கழகத்தின் வெள்ள அபாயப் பட்டியலில் இருக்கிறதா என்று அதன் இணையத்தளத்தில் பாருங்கள். இருந்தால் வாசலில் பொருத்தும் வெள்ளத் தடுப்புப் பலகை வாங்குங்கள். வாங்கியதைப் படத்தோடு காப்புறுதி நிறுவனத்துக்கு எழுதித் தெரிவித்து, எக்செஸைக் குறைக்கச் சொல்லிக் கேளுங்கள். கேட்காதவருக்கு யாரும் குறைப்பதில்லை. ஆனால் ஒன்று: பலகை இருக்கிறது என்று எழுதிக் கொடுத்துவிட்டு, மழை நாளில் அதை மாடியில் பூட்டி வைத்திருந்தால் என் அறிக்கையில் அதுவும் வரும்.

கார்

முழுமைக் காப்புறுதி என்றால் சிங்கப்பூரில் பெரும்பாலும் வெள்ளம் சேர்ந்தே இருக்கும். மூன்றாம் தரப்பு மட்டும் என்றால் இல்லை. மலேசியாவில் கார் வைத்திருக்கும் உறவினர்களுக்குச் சொல்லுங்கள், அங்கே முழுமைக் காப்புறுதியிலும் வெள்ளத்துக்குத் தனியாகப் பணம் கட்டிச் சேர்க்க வேண்டும். 2021 டிசம்பரில் ஷா ஆலமில் வெள்ளம் வந்தபோது பலருக்கு அது அன்றைக்குத்தான் தெரிந்தது.

தண்ணீரில் கார் நின்றுவிட்டால் திரும்ப ஸ்டார்ட் செய்யாதீர்கள். இதை எத்தனை முறை சொன்னாலும் போதாது. என்ஜினுக்குள் தண்ணீர் போன நிலையில் சாவியைத் திருப்பினால், இருக்கை துடைப்பதோடு முடிந்திருக்கும் செலவு என்ஜின் மாற்றும் செலவாகிவிடும். அந்தக் கூடுதல் சேதத்தை நிறுவனம் கேள்வி கேட்கும். இறங்கிப் பாதுகாப்பான இடத்துக்குப் போய், படம் எடுத்து, நிறுவனத்தின் அவசர எண்ணைக் கூப்பிட்டு இழுவை வண்டி வரவழையுங்கள். 24 மணி நேரத்துக்குள், அல்லது அடுத்த வேலை நாளுக்குள், தகவல் கொடுத்துவிடுங்கள்.

சின்னச் சேதம் என்றால் கிளைம் போடும் முன் ஒரு கணக்கு: கிளைம் இல்லாச் சலுகை (கிளைம் போடாத வருடங்களுக்காகச் சந்தாவில் கிடைக்கும் தள்ளுபடி) 50 விழுக்காட்டில் இருப்பவருக்கு ஒரு கிளைம் போட்டால் பொதுவாக அது 20க்கு இறங்கும். திரும்ப ஏற மூன்று வருடம். எண்ணூறு வெள்ளிப் பழுதுக்கு அது லாபமா என்று பாருங்கள்.

தண்ணீர் புகுந்த இரவில்

மின்சாரத்தை அணையுங்கள், தண்ணீருக்குள் நின்றுகொண்டு சுவிட்சைத் தொட வேண்டாம். பிறகு தொலைபேசியை எடுங்கள். தண்ணீர் நிற்கும்போதே, சுவரில் அளவுநாடாவைப் பிடித்துப் படம். வடிந்த பிறகு அந்தக் கோட்டையும் எடுங்கள். தூரத்திலிருந்து ஒன்று, கிட்டே ஒன்று, பெட்டியின் முத்திரை தெரிய ஒன்று. உடனே சுத்தம் செய்துவிட்டுத்தான் என்னைக் கூப்பிடுவார்கள் பலர். வீடு கூட்டுவது நல்ல பழக்கம்தான், ஆனால் நான் வரும்போது காலியான தரையைக் காட்டி "இங்கே முப்பது பெட்டி இருந்துச்சுக்கா" என்றால் நான் என்ன எழுதுவது? நாறுகிற உணவுப் பொருளை வைத்திருக்க முடியாது என்றால், நிறுவனத்துக்கு அழைத்துச் சொல்லி, எண்ணி, படமெடுத்து, ஒவ்வொரு வகையிலும் ஒன்றைத் தனியே வைத்துவிட்டு அப்புறம் கொட்டுங்கள்.

நல்ல சரக்கை உயரத்துக்கு ஏற்றுவதும், விசிறி வைத்துக் காயவைப்பதும் உங்கள் கடமை. அதற்கு ஆன செலவுக்கும் ரசீது வையுங்கள், பல பாலிசிகளில் திரும்பக் கிடைக்கும். கொள்முதல் ரசீதுகளை மேசையின் அடி இழுப்பறையில் வைத்திருந்து, சரக்கோடு ரசீதும் ஊறிப்போன கடைகளைப் பார்த்திருக்கிறேன். மாதம் ஒருமுறை படமெடுத்து மின்னஞ்சலில் போட்டுவிடுங்கள்.

ஊரில் இருக்கும் வீடு

சென்னையில் வேளச்சேரியிலோ பள்ளிக்கரணையிலோ வீடு வாங்கிப் பூட்டி வைத்திருப்பவர்கள் நம்மில் நிறைய. 2015 டிசம்பரையும் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலையும் மறந்திருக்க மாட்டீர்கள். இந்தியாவில் 2021 ஏப்ரலிலிருந்து 'பாரத் கிருஹ ரக்ஷா' என்ற பொதுவான வீட்டுப் பாலிசியை எல்லாப் பொதுக் காப்புறுதி நிறுவனங்களும் விற்க வேண்டும் என்று ஆக்கிவிட்டார்கள். வெள்ளம், புயல் இரண்டும் அதில் சேர்த்தி. நான் மேலே சொன்ன குறைமதிப்பு வெட்டும் அதில் கிடையாது. நம் கடைப் பாலிசிகளைப் பார்த்துவிட்டு அதைப் படித்தபோது எனக்குக் கொஞ்சம் பொறாமையாகவே இருந்தது. வீடு பூட்டிக் கிடக்கிறது என்பதை மட்டும் எழுத்தில் தெரிவித்துவிடுங்கள்.

டிசம்பரில் சென்னைக்குப் பறப்பவர்கள் பயணக் காப்புறுதியை டிக்கெட் வாங்கும்போதே எடுங்கள். புயலுக்குப் பெயர் வைத்துச் செய்தியில் சொன்ன பிறகு வாங்கினால், அந்தப் புயலால் விமானம் ரத்தானதற்கு ஒன்றும் கிடைக்காது. மிக்ஜாமின்போது சென்னை விமான நிலையமே மூடியிருந்தது.

மறுத்துவிட்டால்

கிளைமை மறுத்தால் எந்த வாசகத்தின்படி மறுத்தார்கள் என்று எழுத்தில் கேளுங்கள். என்னைப் போன்றவர்களின் அறிக்கையில் அளவு தவறு என்று நினைத்தால் உங்கள் படங்களோடு மறுப்பு எழுதுங்கள், நாங்கள் திருத்தியிருக்கிறோம். அதற்கும் சரிவரவில்லை என்றால், நிதி நிறுவனங்களோடு வரும் தகராறுகளைத் தீர்க்கும் ஃபிட்ரெக் நிலையத்துக்குப் போகலாம். தனிநபர்களும் தனி ஒருவராகக் கடை நடத்துபவர்களும் வழக்கறிஞர் இல்லாமலேயே போகலாம். நிறுவனம் தன் இறுதிப் பதிலைக் கொடுத்த ஆறு மாதத்துக்குள் போக வேண்டும். அதனால் அந்தக் கடிதம் வந்த தேதியை அதன் மேலேயே பேனாவால் எழுதி, முதல் வேலையாக ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.